பத்தாம் காம்பராச் சீமாட்டி

ஈரப்பலாத் தோட்டத்தின் சரித்திரத்தில் கொழுந்து பறித்தே பணக்காரியானவள் ஒருத்திதான். அவள் பெயர் சுப்பம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் இடையில் அவள் பணக்காரியானாள். அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருடங்களில் அவளுக்கென்று இருந்தவை ஒரு மண்சட்டி, ஒரு கம்பளி, ஓட்டை விழுந்த ஒரு கொழுந்துக்கூடை. இவற்றோடு, யார் செய்த தீங்கையும் மறக்காத மனசு. கடைசியில் சொன்னதை மதிப்பிட எந்த அதிகாரியும் வந்ததில்லை. வந்திருந்தால் அவள் முன்பே சீமாட்டியாகியிருப்பாள்.

கொழும்பில் கப்பலை விட்டிறங்கிக் கஹவத்தைக்கு மேலே இருக்கும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று என்று கங்காணி எழுதிவைத்தான். எழுதியவன் கங்காணி என்பதால் அது பதினொன்றாகவும் இருக்கலாம். மேல்மலையில் தேயிலை, கீழ்மலையில் ரப்பர். சுப்பம்மா மேல்மலைக்காரி. அட்டை கடித்ததைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவள் புலம்பியதாக ஒருவரும் சொன்னதில்லை. அட்டைமேல் அவளுக்குக் கோபமில்லை. அது வயிற்றுக்காகக் கடிக்கிறது. மனிதர்கள் விஷயத்தில்தான் அவள் கறாராக இருந்தாள்.

அவளுடைய பழிவாங்கும் முறையில் அவசரம் கிடையாது. 1911-ல், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பச் சற்றுத் தாமதமானது என்று கங்காணி அவளுக்கு அரைப்பேர் போட்டான். அதாவது, முழுநாள் உழைப்புக்கு அரைநாள் கூலி. மற்றப் பெண்கள் அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். சுப்பம்மா திட்டவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் போட எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, மிகுந்த பணிவோடு கேட்டாள்: “கங்காணி, என்னோட அரைப்பேரு சௌக்கியமா?” ஆறு வருடம், மாதம் ஒரு தடவை, இதையே கேட்டாள். ஆறாம் வருடம், “கங்காணி, என் அரைப்பேருக்கு வயசாகிப் போச்சே, கண்ணாலம் கட்டிக் குடுத்தீங்களா?” என்றாள். கங்காணி தெரணியகலைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

கணவன் விஷயம் இன்னும் நேர்த்தி. மாணிக்கக் கல் தோண்டிப் பணம் கொண்டுவருகிறேன் என்று பெல்மதுளைக்குப் போனவன், நாலு வருடம் கழித்துக் கல் இல்லாமல் காய்ச்சலோடு திரும்பினான். சுப்பம்மா அவனை உள்ளே படுக்கவைத்தாள். நாற்பது நாள் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பத்துக் காம்பராக்கள், அதாவது அறைகள், வரிசையாக நின்ற அந்த லயமே அவளைப் பத்தினி என்று கொண்டாடியது. நாற்பத்தோராம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து, “இன்னிக்கு நல்லாப் பசிக்குது புள்ள” என்றான். “அப்ப சரி” என்று அவன் துணிமணியை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள். “நோயாளியத் தொரத்துனா பாவம். நீங்க இப்ப நல்ல ஆளு. கெளம்புங்க.”

இப்படிப்பட்டவளுடைய சோற்றில்தான் பென்ஷனையா கைவைத்தார்.

அதைச் சொல்வதற்கு முன் பீப்பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். 1919-ல் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது அன்றிருந்த பெரிய துரை ஓர் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை தோறும் தோட்டத்தில் அரிசி அளக்கும்போது ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஸ்டோரில் உள்ள பெரிய பீப்பாயில் போட்டுவிடுவார்கள். வயதாகி, பெரட்டில் பேர் போடமுடியாத நிலை வந்தவருக்கு அந்தப் பீப்பாயிலிருந்து வாரம் இரண்டு படி. பீப்பாய் அரிசி வாங்குகிறவர் சாகும்வரை தன் காம்பராவில் இருந்துகொள்ளலாம். பேரும் இல்லை, பீப்பாயும் இல்லை என்றால் லயத்தில் காம்பராவும் இல்லை. பிடி எடுத்த ஸ்டோர்காரனுடைய கை யானைக்கால் மாதிரி இருந்தது என்பது தவிர இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் சுப்பம்மாவின் அரிசி வாரந்தவறாமல் அதற்குள் போனது. முப்பத்தோராம் வருடம் தைமாதம் அவள் விரல்கள் மடங்க மறுத்தன. பேர் போடுவது நின்றது. இனிப் பீப்பாய் அவளுக்குத் திருப்பித் தரவேண்டிய முறை.

அந்த நேரத்தில் தேயிலை விலை விழுந்தது, ஆட்கள் குறைந்தார்கள், பீப்பாயின் அடி தெரிய ஆரம்பித்தது. இதைக் கண்டு மனம் நொந்தவர் பெரிய கிளாக்கர் ராமச்சந்திரன். அவரை லயத்தில் பென்ஷனையா என்பார்கள். முப்பது வருடம் எங்கோ ஒரு தபால் கந்தோரில் தலைமை உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, அதற்குப் பின் பத்து வருடமாக நம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். அரசாங்கம் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறீரா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துரை ஒரு காகிதத்தில், ஆம், இருக்கிறார் என்று கையெழுத்துப் போடுவார். பணம் வந்துவிடும். எவ்வளவு வைத்திருக்கிறீர் என்று அரசாங்கம் கேட்டதில்லை. நல்லவர்களிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

பென்ஷனையா ஆங்கிலத்தில் ஒரு சட்டம் எழுதினார். புதிதாக வந்திருந்த சின்ன வயதுத் துரை, டைப் அடித்த எதையும் பக்தியோடு கையெழுத்திடுகிறவர்; போட்டுவிட்டார். பெரட்டுக்களத்தில் ஒரு நாள் காலை அது தமிழில் வாசிக்கப்பட்டது.

“வேலையிலிருந்து நின்ற எந்த ஆளாக இருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட பித்தளைப் பாத்திரம், நாலுகால் பிராணி, பொட்டுத் தங்கம், மணிக்கூடு முதலிய ஆடம்பரம், இவற்றில் எது இருந்தாலும் அவருக்குப் பீப்பாய் அரிசி கிடையாது. சட்டத்தை ஏமாற்ற விற்றுவிட்டாலும் ஒரு வருடத்துக்கு அவர் சொத்துக்காரரே. தானமாகக் கொடுத்து, வாங்கியவர் துரை முன்னால் கையெழுத்திட்டால் மட்டும் பெயர் நீங்கும்.”

கடைசி வரியை வாசித்துவிட்டு அவர் சிரித்தார். இந்த மலையில் யார் யாருக்குத் தானம் கொடுக்கப்போகிறார்கள் என்ற சிரிப்பு.

ஐந்தாம் காம்பரா கன்னையா கையை உயர்த்தினான். வேலையிலிருந்து நின்று ஒரு வருடமாகிறது. கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் மிச்சம் பிடித்து, மணிக்கொருதரம் அடிக்கும் சுவர்க் கடிகாரம் வாங்கிவைத்திருந்தவன்.

“குடிச்சு அழிச்சவனுக்கு அரிசி, மிச்சம் புடிச்சவனுக்கு இல்லையாங்க ஐயா?”

“மிச்சம் பிடித்தவன் மிச்சத்தைச் சாப்பிடு” என்றார் பென்ஷனையா.

“மணிக்கூட்டையாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சுப்பம்மா சிரிக்கவில்லை. முன்னால் வந்தாள்.

“ஐயா, அந்தப் பீப்பாயில இருக்குறது தருமமா, கூலியா?”

“தருமம்.”

“பன்னெண்டு வருஷமா என் பங்குல புடிபுடியா எடுத்தீங்களே, அப்ப தருமம் பண்ணுனது நானுங்களா? தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா கோயில்ல பேரு எழுதச் சொல்லியிருப்பேன்.”

“அதிகம் பேசாதே. இருக்கிறவர்களுக்கு எதற்கு? இல்லாதவர்களுக்குத்தான் உதவி. இது உலக நியாயம்.”

நியாயம்தான். யாராலும் மறுக்க முடியாத நியாயம். ஆடு வைத்திருக்கிறவள் வாங்கும் இரண்டு படி, ஒன்றுமில்லாதவள் வாயிலிருந்து போவதுதானே? அதைச் சொன்ன வாய் பென்ஷன் வாங்கும் வாய் என்பதால் மட்டும் நியாயம் கெட்டுப்போகாது. சுப்பம்மாவும் அதை எதிர்க்கவில்லை. அவளிடம்தான் ஒன்றுமில்லையே. சட்டம் தனக்குச் சாதகம் என்று நினைத்தே வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சொத்துச் சோதனை.

இங்கே லயத்துக்காரர்கள் ஒரு தவறு செய்தார்கள். வேறு எந்த ஊர்க்காரரும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. இருபது வருடமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா மாதம் ஒருமுறை லயத்துச் சுத்தம் பார்க்க வருவார். முதலாம் காம்பராவில் தொடங்கி, ஏழாம் காம்பரா வரை வந்து, அங்கே ஓடும் கழிவுக் கானின் நாற்றத்தைக் கண்டதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். கானுக்கு அப்பால் உள்ள எட்டு, ஒன்பது, பத்தாம் காம்பராக்களை எந்த உத்தியோகஸ்தனும் பார்த்ததில்லை. ஆகவே சோதனை என்றால் கான்வரைதான் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எட்டாம் காம்பராவுக்குக் கூரை இல்லை. ஒன்பதில் பிள்ளைகள் அதிகம். ஒரு சாமான் தங்காது. மிச்சம் பத்தாம் காம்பரா.

அன்று விடிந்ததுமே, பீப்பாய்க்குக் காத்திருந்த ஐந்து கிழடுகளும் தங்கள் செல்வத்தோடு சுப்பம்மாவின் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் மூன்றாம் காம்பரா வெள்ளையம்மா. சுப்பம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவள். ஒரே நிரையில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள்.

“அக்கா, பத்து மணி வரைக்கும்தான். இந்தக் காதுத் தண்டட்டிய வச்சுக்க. ஒன்னைய விட்டா எனக்கு யாரு?”

“வைங்கடி, வைங்க. எனக்குத்தான் மறைக்க ஒண்ணுமில்ல. எடம் நெறையக் கெடக்கு” என்றாள் சுப்பம்மா. அவள் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பென்ஷனையா மருந்தையா இல்லை. தபால் கந்தோரில் பழகிய மனிதர். தபால் கடைசி வீடுவரை போகவேண்டும் என்பது அவர் கொள்கை. கானைக் கண்டதும் உடன் வந்த இரண்டு ஆட்களிடம் பலகை ஒன்றைக் கொண்டுவரச்சொல்லி, குறுக்கே போட்டு, குடையை விரித்துக்கொண்டு அப்பால் நடந்தார். ஏழு காம்பராவிலிருந்தும் தலைகள் வெளியே வந்தன.

பத்தாம் காம்பராவுக்குள் ஆடு கத்தியது.

கதவைத் திறந்தால், ஆறு பித்தளைக் குடங்கள். இரண்டு ஆடுகள். ஒரு சோடி தங்கத் தண்டட்டி. ஒரு குத்துவிளக்கு. நடுவில், சட்டிமேல் சாய்த்துவைத்த கன்னையாவின் மணிக்கூடு. அது பத்து அடித்தது.

“இதெல்லாம் யாருடையது?” என்றார் பென்ஷனையா.

சுப்பம்மா வெளியே வந்து வரிசையைப் பார்த்தாள். ஐந்து முகம். யாராவது ஒருவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். கன்னையா தன் கால் பெருவிரலை ஆராய்ந்தான். மற்ற மூவரும் உள்ளே போய்விட்டார்கள். வெள்ளையம்மா வானத்தைப் பார்த்து, “மழ வரும்போல” என்றாள்.

மேகம் ஒன்றுகூட இல்லை.

“என்னோடதுதாங்க ஐயா” என்றாள் சுப்பம்மா.

பெருந்தன்மை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். காட்டிக்கொடுத்திருந்தால் அன்றைக்கே ஐந்து பேரும் அரிசியை இழந்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். நாற்பது நாள் கஞ்சி ஊற்றியவளுக்குப் பத்து நிமிடம் எப்படிப் போதும்?

பென்ஷனையா அங்கேயே நின்று பட்டியல் எழுதினார். ‘பத்தாம் காம்பரா சுப்பம்மா, மேற்படி சொத்துகளின் சொந்தக்காரி’ என்று வாசித்துக் காட்டினார். கைநாட்டு வைத்தாள். மறுநாள் துரையும் கையெழுத்திட்டார். ஐந்து பேருக்கும் அரிசி என்று முடிவானது. சுப்பம்மாவுக்கு அரிசி இல்லை; பங்குனிக் கடைசிக்குள் காம்பராவைக் காலிசெய்யவேண்டும். இவ்வளவு சொத்துள்ளவளுக்கு லயம் எதற்கு என்று கேட்டாராம் பென்ஷனையா.

துரை கையெழுத்திட்ட அன்று மாலை ஐந்து பேரும் சாமான்களை எடுக்க வந்தார்கள். சுப்பம்மா வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, கோவமா?” என்றாள் வெள்ளையம்மா.

“சேச்சே. கோவமெல்லாம் ஏழைங்களுக்கு. நான் சொத்துக்காரி.”

“வெளையாடாத அக்கா. தண்டட்டியக் குடு.”

“எந்தத் தண்டட்டி? என் தண்டட்டியா? எழுதியாச்சேடி. ஐயா எழுதி, தொரை கையெழுத்தப் போட்டாச்சு. ஒன்னோடதுன்னா கந்தோருக்குப் போயி சொல்லு. தொரை நல்ல மனுசன். கேப்பாரு.”

வெள்ளையம்மா போகவில்லை. போனால் தண்டட்டி வரும், அரிசி போகும்.

“சுப்பம்மா, என் மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்கணும். நாளைக்கு நின்னுபோகும்” என்றான் கன்னையா கெஞ்சலாக.

“வாங்கண்ணே. தெனம் வந்து சாவி குடுத்துட்டுப் போங்க. வேலைக்காரரு இல்லாத வீடாப் போச்சேன்னு எனக்கும் கவலையா இருந்துச்சு.”

பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிய தன் கடிகாரத்துக்குக் கன்னையா தினமும் காலையில் வந்து சாவி கொடுத்துவிட்டுப் போனான். ஐவரில் ஒருத்தியான ஆட்டுக்காரி தன் ஆட்டைத் தானே கறந்து பாலை உள்ளே வைத்துவிட்டுப் போனாள். சுப்பம்மா பால் குடித்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் முகத்தில் முதல்முறையாகச் சதை வைத்தது.

பாலை மட்டும் குடித்து உயிர்வாழ முடியாது. பித்தளைக் குடத்தைக் கடிக்க முடியாது. அந்த வாரம், பழைய பித்தளை வாங்கும் மஷூர் நானா பெல்மதுளையிலிருந்து வண்டியோடு வந்தபோது, அவரை வரிசையின் நடுவில் நிற்கவைத்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் விலை பேசினாள்.

“நானா, ஆறு கொடம். சொல்லுங்க வெலைய.”

மஷூர் நானா ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதில வெள்ளையம்மாட பேரல்லோ வெட்டியிருக்கு?”

“அவ என் மேல உள்ள பிரியத்துல வெட்டிக்கிட்டா.”

அன்று சாயங்காலமே உடன்பாடு ஏற்பட்டது. குடங்களை விற்காமல் இருப்பதற்காக, ஐந்து பேரும் தங்கள் பீப்பாய் அரிசியில் வாரம் ஆளுக்கு ஒரு சுண்டு, ஒரு சின்னப் பால்டின் அளவு, அளந்து பத்தாம் காம்பராவுக்குக் கொடுக்கவேண்டும். இவ்விதமாகச் சுப்பம்மாவுக்கு அரிசி கிடைத்தது. பென்ஷனையாவின் சட்டம் லயத்தில் எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஆனால் காம்பரா? பங்குனி முடிய இருபது நாள்தான் இருந்தது. விரல் மடங்காத கிழவிக்கு வேறு எந்தத் தோட்டத்தில் பேர் போடுவார்கள்? மகள் தெரணியகலையில் எட்டுப் பேரோடு ஒரே காம்பராவில் இருக்கிறாள். வெளியே போனால் கஹவத்தைச் சந்தையில் கையேந்தவேண்டியதுதான். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் சுப்பம்மா பென்ஷனையாவின் குடையை நினைத்துக்கொள்வாள். பயம் அடங்கிவிடும்.

வழி திறந்தது மஷூர் நானாவின் வாயால். அடுத்த வாரம் வந்தவர், வெற்றிலை போட்டுக்கொண்டு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

“ஒங்கட பெரிய கிளாக்கர் சித்திரையில வேலய விடுறாராமே. தோட்டத்தால சின்ன பங்களாவும் மாசத்துக்கு மூட்ட அரிசியும் குடுக்காங்களாம். அந்த மனிசனுக்கு அதென்னத்துக்கு? பெல்மதுளையில நான் இருக்கிற கடை, பக்கத்துக் கடை, அதுக்கங்கால கடை, மூணும் அவர்ட. மருமகன்ட பேரில கெடக்கு. வாடகைய இவர்ட கையிலதான் குடுக்கிறன்.”

“மூட்டை அரிசி எதுலேருந்து நானா?”

“வேற எதில? ஒங்கட பீப்பாயிலதான்.”

சுப்பம்மா அவருக்கு இன்னொரு வெற்றிலை கொடுத்தாள். பிறகு ஐந்து பேரையும் கூப்பிட்டாள். “போதும்டியம்மா, எனக்கு அலுத்துப் போச்சு. நாளைக்கு பெரட்டுக்கு ஆளாளுக்கு அவங்கவங்க சாமானத் தூக்கிட்டு வாங்க. தொரை முன்னால வச்சு ஒப்படைச்சிர்றேன்” என்றாள். வெள்ளையம்மா அழுதுவிட்டாள். “என் அக்கா தங்கம்” என்று கட்டிப்பிடித்தாள். ஒப்படைப்பது என்றால் எழுதி ஒப்படைப்பது என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்களத்துக்கு ஒரு ஊர்வலம் வந்தது. ஆடு முன்னால், குடங்கள் நடுவில், மணிக்கூட்டைப் பிள்ளையைப் போல அணைத்தபடி கன்னையா பின்னால். துரைக்குத் தமிழ் உண்டு; மரியாதை விகுதிகள் மட்டும் கிடையாது.

“ஏய் சுப்பம்மா, என்னா இது? சந்தையா?”

“தொரை, நான் என் சொத்தெல்லாம் தானம் பண்ணப்போறேன். சட்டப்படி எழுதிக்கச் சொல்லுங்க. கன்னையாண்ணனுக்கு மணிக்கூடு.”

பென்ஷனையா பேனாவை எடுத்தார். துரை கேட்டார்: “கன்னையா, நீ வாங்கு? கையெழுத்து போடு. ஆனா மணிக்கூடு இருந்தா பீப்பாய் அரிசி நிப்பாட்டும்.”

கன்னையா, அணைத்திருந்த கடிகாரத்தைத் தேள் கொட்டியதுபோல் கீழே வைத்தான்.

“எனக்கு எதுக்குங்க தொரை? எனக்கு மணி பாக்கவே தெரியாதுங்க.”

“வெள்ளையம்மாவுக்குத் தண்டட்டி” என்றாள் சுப்பம்மா.

தோள்வரை தொங்கும் இரண்டு காதுகளையும் முந்தானையால் மூடிக்கொண்டு வெள்ளையம்மா சொன்னாள்: “நம்ம காதுல அதெல்லாம் நிக்காதுங்க தொரை.”

“நல்லாப் பாரு வெள்ளையம்மா. ஒங்கம்மா போட்டிருந்த தண்டட்டி மாதிரியே இருக்கு” என்றாள் சுப்பம்மா மிகுந்த அன்போடு. வெள்ளையம்மா வானத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆட்டுக்காரி தனக்கு ஆட்டைக் கண்டாலே தும்மல் வரும் என்றாள். குடங்களும் குத்துவிளக்கும் தங்களுக்குப் பழக்கமில்லை என்றார்கள் மற்றவர்கள். பெரட்டுக்களமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கங்காணிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துரை மட்டும் இந்த ஜனங்களின் தியாக உணர்ச்சியைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

“பாருங்க ஐயா. ஏழைங்க யாருக்கும் வேணாமாம்” என்று சுப்பம்மா பென்ஷனையாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க படிச்சவரு, பெரிய மனுசரு. இதையெல்லாம் வச்சு ஆளத் தெரிஞ்சவரு. ஒங்க கையில குடுத்தாத்தான் எனக்குப் புண்ணியம்.”

பென்ஷனையா தண்டட்டியைப் பார்த்தார். நல்ல எடை. ஆடுகளைப் பார்த்தார். இரண்டும் கறவை. சட்டம் லயத்துக்கு எழுதியது. பங்களாவுக்கு அல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“உன் மனம் நோகக்கூடாது என்பதற்காக” என்றார்.

ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே தன் அழகிய கையெழுத்தை அவரே போட்டார். துரையும் போட்டார். சுப்பம்மா அந்த நிமிடமே மறுபடி ஏழையானாள். சனிக்கிழமை ஸ்டோரில் அவளுக்கு முறைப்படி இரண்டு படி அளந்தார்கள். காம்பரா அவளுக்கே என்று ஆனது. ஐந்து பேரும் அவளோடு பேசவில்லை. பேசியிருந்தால்தான் ஏமாற்றமடைந்திருப்பாள்.

சித்திரை மாதம் பென்ஷனையா வேலையை விட்டார். மாலை போட்டார்கள். போட்டோப் பிடித்தார்கள். மறுநாள் பங்களாவுக்கும் மூட்டை அரிசிக்குமான விண்ணப்பத்தோடு துரையிடம் போனார். துரை கோப்பை எடுத்தார். சட்டத்தை எடுத்தார். பட்டியலை எடுத்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

“ஆடு ரெண்டு. தங்கம் ஒரு சோடி. பித்தளை, வெளக்கோட ஏழு. மணிக்கூடு ஒண்ணு. சொத்து உண்டு. பீப்பாய் இல்லை.”

“சார், அந்தச் சட்டம் கூலியாட்களுக்கு.”

“நீ எழுதினது ‘எந்த ஆளாக இருந்தாலும்’. நல்ல இங்கிலீஷ். நான் மாத்த மாட்டேன்.”

கூலியாள் என்ற வார்த்தை நாகரிகமாக இல்லை என்று, எழுதும்போது பென்ஷனையாவே அதை அடித்துவிட்டிருந்தார். மூன்று கடைகள் பற்றித் துரைக்குத் தெரியாது. அவை பட்டியலில் இல்லை. மூன்று கடைக்காரருக்கு இரண்டு ஆட்டால் அரிசி போனது. சொத்தை அளந்து உதவி செய்வதில் உள்ள துல்லியம் இது.

விற்றால் ஒரு வருடம் செல்லாது. சட்டத்தில் அவர் விட்டுவைத்த ஒரே வாசல் தானம். ஆகவே வைகாசிப் பிறப்புக்கு முந்தின நாள், பென்ஷனையா ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சாமான்களை ஓர் ஆளிடம் தூக்கக் கொடுத்து, லயத்துக்கு வந்தார். முதலாம் காம்பராவில் தொடங்கினார்.

“எங்களுக்கு எதுக்குங்க ஐயா? நாங்க ஏழைங்க.”

மூன்றாம் காம்பராவில் தண்டட்டியை நீட்டினார். வெள்ளையம்மாவின் கை அவளை அறியாமல் பாதி தூரம் வந்தது. வாரம் இரண்டு படி ஞாபகம் வந்து திரும்பிப் போனது. “வேணாங்க” என்றாள்.  ஐந்தாம் காம்பராவில் கன்னையா கதவையே திறக்கவில்லை.

கடைசியில், வேட்டியில் சேறு தெறிக்க, பத்தாம் காம்பரா வாசலில் நின்றார்.

“சுப்பம்மா. நீ கொடுத்ததை நீயே வாங்கிக்கொள். கைநாட்டு வைத்தால் போதும்.”

“வாங்குனா எனக்குக் காம்பரா போயிருமேங்க.”

“நான் முப்பது வருஷம் அரசாங்கத்துக்கும் பத்து வருஷம் இந்தத் தோட்டத்துக்கும் உழைத்தவன். அந்த மூட்டை யாரும் எனக்குப் போடுகிற பிச்சை இல்லை. என் உழைப்பு.”

“அதத்தாங்க ஐயா நான் பெரட்டுல கேட்டேன். தருமமா, கூலியான்னு. நீங்கதான் தருமம்னீங்க.” அவள் சிரிக்காமல் சொன்னாள். “இருக்குறவங்களுக்கு எதுக்குங்க ஐயா? ஒங்களுக்கு ஆடு இருக்கு.”

பென்ஷனையா குடையை ஊன்றினார். ஓர் ஆடு கயிற்றை இழுத்து அவர் குடைத்துணியைக் கடித்தது.

“அதப் பொழுது சாயுறதுக்குள்ள கறந்துருங்க. இல்லாட்டி மடி கட்டிக்கும், ராத்திரியெல்லாம் கத்தும். கறக்கும்போது பின்னங்காலப் புடிச்சுக்கணும், ஒதைக்கும். அந்தச் செவலை ரொம்ப ஒதைக்கும். பாத்துங்க ஐயா.”

அவர் திரும்பி நடந்தார். பத்துக் காம்பரா நீளம் நடக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சுப்பம்மா கதவைச் சாத்தவில்லை. படியில் உட்கார்ந்து, அவர் லயத்தைத் தாண்டி ரோட்டில் ஏறி மறையும்வரை, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் உள்ளே போய் உலை வைத்தாள்.